கண் கலங்காதவள்

கொச்சியிலிருந்து கடலுக்குப் போன விசைப்படகு புயலில் காணாமல் போய்ப் பதினோரு நாளாயிற்று. ஊர்க் கணக்கில் போன எட்டுப் பேரும் ஃபாதர் கில்பர்ட்டின் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள். எட்டு மனைவிகளில் ஏழு பேர் கோயில் தரையில் விழுந்து அழுதார்கள். ஏசுஅடிமையின் மனைவி வியாகுலம்மாள் மட்டும் கண் கலங்காமல் அவர்களுக்குக் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள்.

“பாருங்கள், இதுதான் விசுவாசம்!” என்று ஃபாதர் பிரசங்கத்தில் அவளைக் காட்டியதும் ஏழு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உள்ளதைச் சொன்னால், ஜெபம் வராமல் தவித்த ஃபாதருக்கும் அவளைப் பார்த்துத்தான் தெம்பு வந்தது.

சனிக்கிழமை அவள் பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து முழந்தாளிட்டாள்.

“ஃபாதர், இனி பிரசங்கத்துல எம்பேரச் சொல்லாதீங்க.”

“தாழ்ச்சியும் புண்ணியம்தான், மகளே.”

“தாழ்ச்சியும் இல்ல, மண்ணும் இல்ல. அவரு போட்டுலயே ஏறல்ல. தக்கலைப் பக்கம் குடிய நிறுத்துத ஆஸ்பத்திரியில கெடக்காரு. மானம் போவும்னு கடலுக்குப் போனாருன்னு சொல்லிட்டேன். இப்ப இவளுவ எம்மூஞ்சியப் பாத்து நம்பிட்டு இருக்காளுவ. எனக்குச் சோறு எறங்கல்ல.”

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் சாகும்வரை வெளியே விடக் கூடாது. ஃபாதர் வேர்த்த முகத்தோடு வெளியே வந்தார்.

வாசலில் அந்த ஏழு பேரில் ஒருத்தியான ஜெனோவா கைக்குழந்தையோடு மறித்தாள். “அக்கா என்ன சொன்னாவ ஃபாதர்? ஆம்பிளையள் வந்துருவாவன்னுதானே? அக்கா மொகத்தப் பாத்துதான் நாங்க உயிரோட இருக்கோம்.”

நாளைய பிரசங்கத்துக்கு, விசுவாசத்துக்கு வேறோர் உதாரணம் வேண்டும். பார்த்தால், ஊரில் மிச்சமிருந்தது ஜெபம் வராத இந்தச் சாமியார் ஒருவர்தான்.