வெர்னியர் பாஸான கதை

மெக்கானிக்கல் எஞ்சினியர் ஒருவரின் மேசை இழுப்பறையில், இரும்பை மயிரிழை பிசகாமல் அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒரு வருஷமாகப் புழுங்கிக் கிடந்தது.

"ஏண்டா மவுசு, ஒரே ஒரு போல்ட்டையாவது அளக்க விடுவானா உன் ஆளு?" என்று சீறியது.

"எங்கண்ணே! காலையில மீட்டிங், மத்தியானம் எக்செல், சாயங்காலம் டிராயிங்கை மாத்தினது யாருன்னு பஞ்சாயத்து," என்றது மேசைமேலிருந்த கம்ப்யூட்டர் மவுஸ்.

ஒருநாள் இழுப்பறை திறந்தது. வெர்னியர் துள்ளியது. ஆனால் அதை அனுப்பியது, அது சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் வருஷாந்தர சோதனைக்கு. பாஸாகி, முதுகில் ஸ்டிக்கரோடு அதே இழுப்பறைக்குத் திரும்பியது.

"பாஸாகி என்னத்தைடா கிழிச்சேன்? எதுக்குடா நான்?"

"அதையேதாண்ணே, நாலு வருஷம் படிச்சுப் பாஸானதிலேருந்து அவரும் என் தலைமேல கையை வெச்சுக்கிட்டுக் கேட்டுட்டிருக்காரு."