கழன்ற வால்

டியூப்லைட் பக்கம் பூச்சி பிடிக்க வரும் பல்லிப் பெண்ணை, காலண்டருக்குப் பின்னால் குடியிருந்த பல்லி ஒருவன் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாயங்காலம் துணிந்து கிட்டே போனான். பேச வாயைத் திறந்தான். அவள் திரும்பிப் பார்த்ததுதான் தாமதம், வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். அவள் முன்னால் வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

மானம் போய்விட்டது. ஆனாலும் மறுநாள் மொட்டையாகவே வந்து நின்றான்.

"நேத்து உங்க வால்கிட்டதான் பேச முடிஞ்சுது," என்றாள் அவள். "இன்னிக்கு எதை விட்டுட்டு ஓடப்போறீங்க?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"விடறதுக்கு ஒண்ணுமில்லீங்க. அதான் நிக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்போ வால் முளைக்கிறவரைக்கும் பேசிட்டிருக்கலாம்," என்று வெளிச்சத்தில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வால் எப்போது முளைத்தது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.