கவரைப்பேட்டைக்கு வராத ஆர்க்கிட்

"இம்போர்ட் பர்மிட்டு வர்றதுக்கு முன்னாடி ஆர்க்கிட் செடிய அனுப்புன்னு இன்னாத்துக்கு மாமா சொன்னீங்க?" ஜபீனுக்கு நிச்சயமான மலேசிய மாப்பிள்ளை ரிஜ்வான், நர்சரி நடுவில் கத்துகிறான். "சரக்கு வந்தா ஏர்போர்ட் ஆபீசருங்ககிட்ட பேசிக்கலாம்னு நெனச்சேன்பா" என்கிறார் நர்சரிக்காரரான அவள் வாப்பா நூர் முகம்மது. "பேசிக்கினே இருங்க. மொத்தத்தையும் கொளுத்திட்டாங்க. இதுல கல்யாணம் ஒண்ணுதான் கொறச்சல்." நிழல்வலையின் பச்சை வெளிச்சத்தில் எல்லோர் முகமும் காமாலை கண்டதுபோல் இருக்கிறது. ரோஜாச்செடி வாங்கும் சாக்கில் நிற்கிற நாங்கள் யாரும் விலை கேட்கவில்லை. ஜபீன் மட்டும், ஆர்க்கிட்டுக்காகக் கரி நிரப்பிய வெறும் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் அனுமதி வந்தது. அதற்குள் ரிஜ்வான் மலேசியா திரும்பி, ஈப்போவில் வேறு பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டான். ஜபீனைக் கடம்பத்தூர் பாத்திரக்கடைக்காரருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள்.