மாப்பிள்ளை பம்பு

மாப்பிள்ளை அசையவில்லை.

சூப்பர்வைசர் கையால் திருகிப் பார்த்தார். ரெஞ்சைப் போட்டுப் பார்த்தார். ஊஹும். கரன்ட் கொடுத்தால் உர்ரென்று ஒரு உறுமல், அதோடு டிரிப் ஆகிவிடுகிறது.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டு பம்புகள். இரண்டும் ஒரே நாளில் வந்து இறங்கியவை. ஒன்று ஓடும். அது படுத்துவிட்டால் இன்னொன்று ஓட வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

ஓடுகிற பம்புக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஓடாமல், பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு, பெயின்ட் கலையாமல் மூலையில் நின்றதைத்தான் எல்லோரும் மாப்பிள்ளை என்றார்கள். வேலை வாங்க முடியாது, மரியாதையில் மட்டும் குறை வைக்கக்கூடாது என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்தவர்தான்.

காலையில் ஓடுகிற பம்பு நின்றுவிட்டது. ஒரு முனகல்கூட இல்லை. சத்தத்தை வைத்தே எந்த மெஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஊரெல்லாம் பெயர். ஒருவேளை முனகியிருக்கலாம். தினமும் கேட்கிற சத்தத்தை யார் உற்றுக் கேட்கிறார்கள்?

மேலே அத்தனை வீட்டிலும் குழாய் வறண்டு கிடந்தது. மேனேஜர் அம்மாவின் போன் ஓயவில்லை.

"தேஞ்சிடக்கூடாதுன்னுதானே சார் இதைத் தொடாம வச்சிருந்தோம்? பத்திரமா இருக்கும்னு நீங்களும்தானே சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன் மேடம். சும்மா நிக்கிறதுதான் முதல்ல இறுகும். இனிமே ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது. ரெண்டும் தேயட்டும், பரவாயில்ல."

சொல்லும்போதே அவருக்குக் குரல் கம்மிவிட்டது. ஒரு பம்புக்காக இந்த மனுஷன் இப்படிக் கலங்குவானேன் என்று மேனேஜர் அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் சரி என்று தலையாட்டினார்.

எண்ணெய் விட்டு ஊற வைத்தார். ஒரு மயிரிழை முன்னால், ஒரு மயிரிழை பின்னால் என்று திருப்பிக்கொண்டே இருந்தார். அவசரப்பட்டால் உடைந்து போகும். மதியம் தாண்டியபோது மாப்பிள்ளை மெல்லப் பிடி விட்டது. குழாய்களில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் வீட்டிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"இத்தனை நாளும் பாலாவது குடிச்சான், இன்னைக்குக் காலையிலேர்ந்து அதுவும் எறங்கலடா. என் கையத் தட்டித் தட்டி விடறான். இப்படியே போனா பிள்ளை தாங்காது, நீ வா."

அவர் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கிளம்பினார்.

மகனுக்கு மீசை முளைத்துவிட்டது. மனசு மட்டும் மூன்று வயதிலேயே நின்றுவிட்டது. அவனுக்கு யாராவது ஊட்ட வேண்டும். அதுவும் ஒரே ஒரு கை ஊட்டினால்தான் வாயைத் திறப்பான்.

"நீங்க கெளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள் அவர் மனைவி. இத்தனை வருஷமும் தினமும் அதையே சொன்னாள். அப்பாடா என்று அவரும் கிளம்பிவிடுவார். சாப்பாட்டுக் கிண்ணத்தோடு அந்த அறைக்குள் அவர் ஒரு நாளும் நுழைந்ததில்லை.

போன வாரம் ஒரு காலையில், சமையலறையில் அவள் அப்படியே சரிந்தாள். ஒரு முனகல்கூட இல்லை. ஒருவேளை முனகியிருக்கலாம்.

அறையில் அக்கா கிண்ணத்தை நீட்டினாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்தார். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். உதடு வெடித்துப் போயிருந்தது. கன்னம் உள்ளே வாங்கியிருந்தது. கண்ணா, ராஜா என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். ஊஹும்.

கட்டாயப்படுத்த அவருக்குக் கை வரவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் முன்னால் நின்று கேட்பதுபோல அந்த அறையைக் கேட்டார்.

மின்விசிறி சுற்றியது. அக்கா மூக்கை உறிஞ்சினாள். கரண்டி கிண்ணத்தில் உரசியது.

ஒரு சத்தம் குறைவாக இருந்தது, தினமும் அவர் செருப்பு மாட்டும்போது இந்த அறையிலிருந்து கேட்டது.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் அவள் உயிர் பிரிந்ததும் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. இரண்டு கண்ணாடி வளையல்கள். காய்த்துப்போன அவர் கைக்குள் அவை நுழையவில்லை. சட்டைப் பையில் பம்பு அறையிலிருந்து வந்த வயர் கட்டுகிற பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்று கிடந்தது. இரண்டையும் அதில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு வெளியே போய்விட்டாள்.

கரண்டியைத் தூக்கினார். வளையல்கள் கிணுகிணுத்தன.

சுவர்ப் பக்கம் இருந்த முகம் திரும்பியது. மகன் வாயைத் திறந்தான். ஒரு வாய் இறங்கியது. அவருக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

மகன் அதைக் கவனிக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, அவர் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டி, அவள் எங்கே என்று எட்டிப் பார்த்தான்.