இரண்டே நொடி

"தாயே, உனக்குக் கோடி புண்ணியம். அந்த நிலநடுக்கச் சங்கை மட்டும் பாட்டுல சேக்காதே!"

ஒலிப்பெட்டிகளுக்கு நடுவே மண்டியிட்டுக் கெஞ்சினான் ரெமிஹியோ. ஒடிலியா செல்லோவுக்குச் சுருதி சேர்ப்பதை நிறுத்தவில்லை.

"மெக்சிகோ நகரத்துல யாராவது இதைச் செய்வாங்களா? அந்தச் சங்கு கேட்டா குளிக்கிறவன்கூட துண்டோட தெருவுக்கு ஓடிருவான்!"

"ரெண்டே நொடி, ரெமி. தரைத்தளம், நாப்பது நாற்காலி, கதவெல்லாம் திறந்தே கிடக்கு."

"உன் செல்லோவும் கம்ப்யூட்டரும் சேந்து அழுதாலே சனம் உருகிடும். சங்கு எதுக்கு?"

"இன்னிக்கு மட்டும் வேணும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்கப்பா நிஜமாவே வர்றாரா?"

அவள் கைப்பேசியை நீட்டினாள். அத்தை அனுப்பியிருந்த செய்தி: 'ஊருக்கு வந்திருக்கான். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, அன்றைக்கே எல்லை தாண்டிப் போய்விடுவானாம். தேட வேண்டாமாம். உன் முகத்தில் விழிக்க வெட்கமாம்.'

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வடக்கே அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனவர், அதன்பின் திரும்பவே இல்லை. அவருடைய படங்களை எல்லாம் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள்.

"வாசல்ல எட்டிப் பாத்தேன். வெள்ளைத் தலை மட்டும் பதினொண்ணு. எல்லாத்துக்கும் உன் மூக்குதான்!" என்றான் ரெமிஹியோ.

அவள் சிரிக்கவில்லை.

"ஒவ்வொருத்தரா போய்க் கேளேன்."

"கேட்டா எழுந்து போயிடுவாரு."

"கண்டுபிடிச்சுத்தான் என்ன கேக்கப்போறே?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு தடவை முகத்தைப் பாக்கணும், அவ்வளவுதான்."

ஆறு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. ஒடிலியா செல்லோவின் தந்திமேல் வில்லை இழுத்தாள். அந்த ஒற்றைச் சுரத்தைக் காலடியிலிருந்த கருவி பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டது. ஒரு செல்லோ நான்காயிற்று, நான்கு பத்தாயிற்று. அத்தனையும் யாரையோ கூப்பிடுவது போலிருந்தது. முன்வரிசைப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒடிலியா தலையசைத்தாள். ரெமிஹியோ சிலுவைக் குறியிட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

சங்கு அலறியது. நாற்காலிகள் சரிய, மொத்த அரங்கமும் விருட்டென்று எழுந்து கதவுப் பக்கம் திரும்பியது.

மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒரு கிழவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, அதையும் சங்கீதம் என்று எண்ணி, மெல்லத் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

இந்த நகரத்துக்கு அந்தச் சங்கு வருவதற்கு முன்பே ஊரைவிட்டுப் போனவர்.

"அப்பா" என்றாள் ஒடிலியா.