பாதிப் படியில் ஒரு மணிச்சத்தம்

படத்தில் பேயே இல்லை. ஆனாலும் பயந்து பயந்துதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நானும் என் வீட்டுக்காரர் ஜெர்சனும் அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மடியில் இரண்டரை வயசு மகள் கெசியா தூங்கினாள்.

வெள்ளைக்காரர்கள் தெருவுக்கு ஒரு கறுப்பு இளைஞன் குடிவருகிறான். அவன் நடந்து போகும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு தாழ்ப்பாள் விழுகிறது. டக். டக். டக். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்தச் சத்தம் மட்டும்தான். போகப் போக அவன் தூக்கத்திலும் அது விழுகிறது. கடைசியில் வீடே இல்லாத வெட்டவெளிக்கு ஓடி வந்து நிற்கிறான்.

அங்கேயும், டக்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்படியும் ஒருத்தரால் படம் எடுக்க முடியுமா?

"இன்னா, அழற?" என்றார் ஜெர்சன்.

"அவன் இன்னாங்க தப்பு பண்ணான்? வெறும் தாழ்ப்பாள வெச்சே ஒரு மனுஷன சாவடிச்சிட்டாங்களே."

"கறுப்பு ஷூன்னா மட்டும் உலகமே கால்ல மாட்டிக்குது. எங்க ஷூ கம்பெனில வந்து கேளு."

"விளையாடாதீங்க. எல்லாரும் கடவுளோட சாயல்னு கான்வென்ட்ல சிஸ்டர் எங்கள நூறு தடவ எழுத வெச்சாங்க. இவங்களுக்கெல்லாம் யாரும் சொல்லித் தரலயா?"

கீழே கேட் திறந்தது. படிக்கட்டில் மணிச்சத்தம் ஏறி வந்தது.

மொட்டைமாடி அறையில் இருப்பவன். எத்தியோப்பியாவிலிருந்து ஆம்பூருக்குத் தோல் பதனிடக் கற்றுக்கொள்ள வந்தவன். நெடுநெடுவென்று, அட்டைக் கறுப்பு. எங்கள் வாசலைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். ஆட்டுக்குக் கட்டுகிற மணி ஒன்றைத் தோல்வாரில் கோத்து, சாவிக்கொத்தில் தொங்கவிட்டிருக்கிறான்.

வழக்கம்போல மணி பாதிப் படியில் நின்றுவிட்டது.

கெசியாவை அவர் மடிக்கு மாற்றிவிட்டு ஓடிக் கதவைச் சாத்தினேன்.

டக்.

மணி மறுபடி ஏறி, வாசலைக் கடந்து, மாடிக்குப் போனது.

கெசியா கண்ணைக் கசக்கினாள். "மணி மாமா..."

"மாமாவா? பேசாம தூங்கு." ஜெர்சனிடம் திரும்பினேன். "இன்னிக்கே ஆன்ட்டிகிட்ட சொல்லி இவன காலி பண்ண வெக்கறேன்."

"அவன் இன்னா தப்பு பண்ணான்?"

"நீங்க ஷிப்டுக்குப் போய்டுவீங்க. தனியா இருக்கறது நான். வந்த புதுசுல சத்தமே இல்லாம பின்னாடி வந்து நின்னானே! நான் அலறி, குழந்த கைலேர்ந்து நழுவப் பாத்துச்சே, மறந்துட்டீங்களா?"

அவர் டிவியை அணைத்தார்.

கீழ் வீட்டில் வீட்டுக்கார ஆன்ட்டி ரஃபத் ஜஹான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, ஒண்ணு மாடி ரூம காலி பண்ணச் சொல்லுங்க, இல்லேன்னா நாங்க போயிடறோம். அந்த மணிச்சத்தத்துல புள்ள தூங்கறதே இல்ல. அதுவும் தெனம் பாதிப் படில நின்னு ஒட்டுக் கேக்கறான்."

"நானும் சொல்லிப் பாத்தேம்மா. இன்னாப்பா, ஆடு மாதிரி மணி கட்டிக்கினு திரியற, பேஜாரா கீது, கழட்டுன்னேன்."

"கழட்டலயே."

"மாட்டேன்னுட்டான். அன்னிக்கு நீ படில பயந்தியே, மறுநாளே போய் அந்த மணிய வாங்கினு வந்தானாம். 'கைல பேபி இருக்கும், என்ன திடீர்னு பாத்தா பயந்துடுவாங்க, வர்றது முன்னாடியே தெரியட்டும்'னான்."

ஆன்ட்டியின் கை வெங்காயத்தோடு அப்படியே நின்றது.

"ஒட்டுத்தான் கேக்கறான், வாஸ்தவம். உன் தாழ்ப்பாள் விழற சத்தம் கேட்டப்புறம்தான் மிச்சப் படி ஏறுவானாம்."