உப்புச் சட்டை

கண்ணுக்கெட்டியவரை புல்லும் பனிமூட்டமும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த மலையுச்சியில், வனக்காவலன் தவசியின் குடிசையைத் தேடி வருகிற ஒரே உயிர் ஒரு பெட்டைக் கடமான்தான். அந்தி சாய்ந்ததும் கீழே பள்ளத்துச் சோலைக்காட்டுக்குள்ளிருந்து ஏறி வந்து, கொடியில் தொங்கும் அவன் காக்கிச் சட்டையில் ஊறிய வியர்வை உப்பை நிதானமாக நக்கிவிட்டுப் போகும். அதற்காகவே அவன் சட்டையைத் துவைப்பதை விட்டிருந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு மனைவி பேச்சி மலையேறி வந்தாள். வந்ததும் வராததுமாக மூக்கைப் பொத்திக்கொண்டு, “மனுசன் போடுற சட்டையாய்யா இது?” என்று ஓடையில் அடித்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, ஏனென்று கேட்பாளே. அந்தியில் கடமான் வந்தது. ஈரச் சட்டையின் காலரை முகர்ந்தது, அக்குளை முகர்ந்தது. குடிசைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள் பேச்சி. பல் கிட்டிக்கிற குளிரில், அந்த ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு தவசி விறகு பிளந்துகொண்டிருந்தான். “ஏய்யா, கிறுக்கா பிடிச்சிருக்கு? அதான் குமிஞ்சு கெடக்கே விறகு. நாந்தான் வந்திருக்கேன்ல, உள்ள வந்து உக்காரு.” அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் வேர்க்கவில்லை. கோடரியை மறுபடி ஓங்கினான்.